மணியின் நாக்கு: ஒரு திகில் குறும்படத்தின் தொடக்கம் நான்கு முறை மாறிய கதை

படத்தின் மொத்த நீளம் 24 நிமிடம். அதில் முதல் நான்கு நிமிடத்துக்கு எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. மிச்ச இருபது நிமிடத்தை மூன்றே வாரத்தில் வெட்டி முடித்துவிட்டோம். நான் படத்தொகுப்பாளர். கதையும் இயக்கமும் வேறொருவருடையது, அவருக்கு இது முதல் படம். அந்த ஏழு வாரத்தில் எதை வெட்டினோம், எதை ஏன் திரும்பச் சேர்த்தோம், எங்கே நான் தப்பாக அடம்பிடித்தேன் என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

கதை சுருக்கமாக இது. பக்கவாதத்தில் பேச்சு போய், ஒரு கையை மட்டும் அசைக்க முடிகிற ஒரு மூதாட்டி மாடி அறையில் படுத்திருக்கிறார். இரவில் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஒரு நர்ஸ் வருகிறாள். ஏதாவது வேண்டுமென்றால் மூதாட்டி கட்டிலோரம் இருக்கும் சின்னக் கைமணியை அடிப்பார். கீழே இருக்கும் நர்ஸ் மேலே ஏறிப் போவாள். ஒரு கட்டத்தில் தூக்கம் கெட்ட எரிச்சலில் அந்த மணியின் நாக்கை, அதாவது உள்ளே தொங்கிச் சத்தம் எழுப்பும் சின்ன உலோகத் துண்டை, கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொள்கிறாள். அதற்குப் பிறகும் மணி அடிக்கிறது.

படத்தின் உயிரே இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஆனால் முதல் எடிட்டில் அது பதினோராவது நிமிடத்தில்தான் வந்தது.

முதல் வடிவம்: "பத்து வருடங்களுக்கு முன்பு"

கறுப்புத் திரையில் அந்த எழுத்து வரும். மழை. அதே வீடு, அதே மாடிப்படி. ஒரு பெண் மூச்சிரைக்க இறங்கி ஓடி வருகிறாள். பின்னால் யாரோ துரத்துகிறார்கள், யாரென்று காட்டுவதில்லை. வாசல் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. அலறல். தரையில் உருண்டு நிற்கும் கைமணி, அதன்மேல் ஒரு சொட்டு ரத்தம். டைட்டில். 4 நிமிடம் 10 விநாடி.

திரைக்கதையில் இது அரைப்பக்கம்கூட இல்லை. எழுதிய ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்று துறையில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. பேச்சு நிறைந்த படத்துக்கு அது ஓரளவு ஒத்துவரும். திகிலில் சுத்தமாக உதவாது. "அவள் கதவை நோக்கி நடக்கிறாள்" என்ற நான்கு சொல் அரை நிமிடத்தைத் தின்றுவிடும். மௌனத்துக்கு மை செலவாவதில்லை. அரைப்பக்கம் என்று நினைத்து எடுக்கப் போனது மொத்தப் படப்பிடிப்பான ஆறு இரவுகளில் இரண்டு இரவுகளை விழுங்கியிருந்தது. செயற்கை மழை வேறு. அதனால் அதை வெட்டுவது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஏழு பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம். அவர்கள் சம்மதத்தோடு திரைக்கு அடியில் ஒரு கேமராவை வைத்து முகங்களைப் பதிவு செய்தோம். இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். படம் முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்டால் மனிதர்கள் மரியாதைக்குப் பொய் சொல்வார்கள், முகத்துக்கு அந்த மரியாதை தெரியாது. ஒரு நிமிடம் இருபதாவது விநாடியில் இரண்டு பேர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்கள். அலறல் வந்த இடத்தில் ஒருவர் சிரித்தார், கேலியாக அல்ல, அடுத்து வருவது தெரிந்துவிட்ட ஒருவரின் சின்னச் சிரிப்பு. ரத்தச் சொட்டின்போது ஒருவர் போனில் நேரம் பார்த்தார்.

முடிந்த பிறகு, "கதையைச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டோம். ஏழு பேரில் ஆறு பேர் நர்ஸிலிருந்து ஆரம்பித்தார்கள். முதல் நான்கு நிமிடம் படத்தில் இருந்ததாகவே அவர்கள் கணக்கில் இல்லை. ஏழாமவர் சொன்னதுதான் இன்னும் மோசம்: "முதல்ல செத்துப்போன அந்தப் பொண்ணோட ஆவிதான் மணி அடிக்குது. ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சே."

மணி அடிப்பது யார் என்பது படத்தின் ஒரே கேள்வி. அந்தக் கேள்வி பிறக்கும் முன்பே நாங்கள் விடையைக் கொடுத்திருந்தோம், அதுவும் மழை போட்டு.

"எல்லாப் படத்துலயும் முதல் சீன்லயே ஒருத்தர் செத்துப்போறாங்களே அண்ணா"

இயக்குநர் இதைக் கேட்டபோது என்னிடம் உடனே பதில் இல்லை. உண்மைதானே. திகில் படம் என்றால் முதல் காட்சியில் ஒரு பலி என்பது எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. சரி, சில பழைய திகில் படங்களின் தொடக்கங்களைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று இரண்டு மாலை உட்கார்ந்தோம். எதனால் பயமாக இருக்கிறது என்று தேடவில்லை. தொடக்கம் முடியும்போது பார்ப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டோம்.

1975இல் வந்த ஜாஸ் படத்தில் இரவுக் கடலில் நீந்தப் போகும் பெண்ணை ஏதோ ஒன்று கீழேயிருந்து இழுக்கிறது. சுறாவைக் காட்டவே இல்லை. படப்பிடிப்பில் இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகி, படத்தின் பெரும்பகுதியில் அதை மறைத்தே வைக்க வேண்டி வந்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. எங்களுக்கு உறைத்தது வேறு. கேமரா தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே மிதக்கும் உடலைப் பார்க்கிறது, பிறகு தண்ணீர் மட்டத்துக்கு வந்து அவள் முகத்தைப் பார்க்கிறது. அதற்குப் பிறகு படம் முழுக்க, கேமரா தண்ணீர் மட்டத்தில் இருந்தாலே போதும், நமக்குக் காலைத் தூக்கிக்கொள்ளத் தோன்றும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஆபத்து என்று ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டு அந்தக் காட்சி ஒதுங்கிக்கொள்கிறது.

1996இன் ஸ்க்ரீம். தொலைபேசியில் முகம் தெரியாத ஒருவன், வீட்டில் தனியாக இருக்கும் பெண். விளம்பரங்களில் முன்னால் நின்ற ட்ரூ பேரிமோர் முதல் காட்சியிலேயே கொல்லப்படுகிறார் என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தது அடுப்பில் இருக்கும் சோளப்பொரி. பேச்சு விளையாட்டாக இருக்கும்போதே அதை அடுப்பில் ஏற்றுகிறாள். பேச்சு மிரட்டலாக மாற மாற, கவனிப்பாரில்லாமல் அந்தப் பொட்டலம் உப்பிக்கொண்டே போகிறது. யாரும் கடிகாரத்தைக் காட்டவில்லை, ஆனால் ஏதோ ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று உடம்புக்குத் தெரிகிறது. அதோடு, அவள் சாவதற்கு முன்னால் நமக்கு அவளோடு பேசிப் பழகிய நேரம் இருக்கிறது. எங்கள் மழைப் பெண்ணுக்கு அது இல்லை. அவள் ஓடிக்கொண்டே வந்தாள், ஓடிக்கொண்டே செத்தாள்.

இங்கே ஒரு சுலப விதி கிடைத்துவிட்டதாகத் தோன்றியது: பலியாகிறவரை முதலில் அறிமுகம் செய். அடுத்த படமே அதை உடைத்தது. 1978இல் ஜான் கார்பென்டர் எடுத்த ஹாலோவீன் ஒரு நீண்ட ஷாட்டில் தொடங்குகிறது, ஒரே ஷாட் மாதிரி தெரியும்படி ஒட்டியிருக்கிறார்கள். கேமராதான் கொலைகாரனின் கண். வீட்டைச் சுற்றி வருகிறது, சமையலறையில் கத்தியை எடுக்கிறது, மாடி ஏறுகிறது, முகமூடியை மாட்டிக்கொள்கிறது, கொல்கிறது. கொல்லப்படும் பெண்ணைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. ஆனாலும் உறைந்துபோகிறோம். காரணம், நாம் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி "அவளுக்கு என்ன ஆகும்" இல்லை, "நான் இப்போது யாருடைய கண்ணால் பார்க்கிறேன்" என்பது. வெளியே வந்ததும் முகமூடி கழற்றப்படுகிறது. கோமாளி உடுப்பில், கையில் கத்தியோடு, ஆறு வயதுப் பையன். அந்த விடை ஒரு கேள்வியை மூடி அதைவிடப் பெரிய ஒன்றைத் திறந்துவிடுகிறது.

1968இன் நைட் ஆஃப் த லிவிங் டெட் படத்தில் கல்லறைத் தோட்டத்தில் அண்ணன் தங்கையைப் பயமுறுத்தி விளையாடுகிறான். பின்னால் தூரத்தில் ஒரு மனிதர் நடந்து வருகிறார். யாரோ வழிப்போக்கர் என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆபத்து வெளிச்சம் இருக்கும்போதே, ஃப்ரேமுக்குள்ளேயே, நம் கண்ணுக்கு முன்னால் நடந்துதான் வந்திருக்கிறது. மறைத்து வைக்கவே இல்லை.

இரண்டாம் நாள் முடிவில் இயக்குநரின் நோட்டில் ஒரே வரிதான் இருந்தது: "நம்ம சீன் முடியும்போது அவங்க கையில என்ன இருக்கு?" ஒரு சொட்டு ரத்தம். அவ்வளவுதான்.

இரண்டாம், மூன்றாம் வடிவங்கள்

அடுத்து நாங்கள் செய்தது புத்திசாலித்தனம் இல்லை. முன்கதையைத் தூக்கிவிட்டு, இருபதாவது விநாடியில் ஒரு ஜம்ப் ஸ்கேர், அதாவது திடீர்ச் சத்தத்தோடு துள்ளவைக்கும் ஓர் அதிர்ச்சி, வைத்தோம். நர்ஸ் கதவைத் திறக்கிறாள், இருட்டில் மூதாட்டியின் முகம், ஸ்பீக்கர் கிழியும் சத்தம். ஏழு பேரும் துள்ளினார்கள். எனக்கு மகிழ்ச்சி. பிறகு ஏழு பேரும் சிரித்துக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது மூளைத்தண்டு மட்டத்திலேயே நடந்துவிடுகிற அனிச்சைச் செயல். சத்தம் எதனுடையது என்று மனசுக்குத் தெரிவதற்கு முன்பே கண் இமைத்துவிடும். அதற்குக் கதை தேவையில்லை, பாத்திரம் தேவையில்லை. பலூன் வெடித்தாலும் அதேதான். திரும்பத் திரும்பச் செய்தால் மழுங்கிப்போகும். ஆனால் ஏற்கெனவே பதற்றத்தில் இருப்பவர் அதே சத்தத்துக்கு இன்னும் பலமாகத் துள்ளுவார். எங்கள் பார்வையாளர்கள் இருபது விநாடியில் எந்தப் பதற்றத்துக்கும் வந்திருக்கவில்லை. துள்ளியது வெறும் உடம்பு.

இந்த உத்தியை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். 1942இல் வால் லூட்டன் தயாரித்த கேட் பீப்பிள் படத்தில் இதன் முன்மாதிரி இருக்கிறது. இரவில் தனியாக நடக்கும் ஒரு பெண், பின்னால் இன்னொருத்தியின் காலடி. அந்தக் காலடி ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. நின்றதும்தான் நமக்கு வயிறு கலங்குகிறது. அவள் வேகம் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை. அப்போது சிறுத்தை சீறுவது மாதிரி ஒரு சத்தத்தோடு ஃப்ரேமுக்குள் பாய்ந்து நிற்கிறது ஒரு பஸ். அதற்குப் பிறகு அந்தக் குழு இப்படிப்பட்ட அதிர்ச்சிகளை எல்லாம் "பஸ்" என்றே அழைத்தது. பஸ் வேலை செய்தது அதற்கு முன்னால் இருந்த நடையால். நாங்கள் நடையே இல்லாமல் பஸ்ஸை மட்டும் ஓட்டியிருந்தோம்.

மூன்றாம் வடிவத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம். பழைய நர்ஸ் புதிய நர்ஸுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டி எல்லாவற்றையும் விளக்குவாள், மூன்று நிமிடம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவர் கொட்டாவி விட்டது பதிவாகியிருக்கிறது.

மணி அடிக்காத டேக்

ஐந்தாவது வாரம். வேறு ஏதோ ஒரு ஷாட்டைத் தேடி வெட்டாத டேக்குகளை ஓட்டிக்கொண்டிருந்தேன். நர்ஸ் கீழே உட்கார்ந்திருப்பாள், மணி கேட்டதும் நிமிர்ந்து மேலே பார்ப்பாள். படப்பிடிப்பில் உதவி இயக்குநர் ஃப்ரேமுக்கு வெளியே நின்று மணி அடிப்பார். ஒளி சரியாக அமையாமல் அதைப் பதினொரு முறை எடுத்திருந்தார்கள். ஒன்பதாவது டேக்கில் உதவி இயக்குநர் மணி அடிக்க மறந்துவிட்டார். நடிகை மணி இல்லாமலேயே நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்கவில்லையே என்று முகம் லேசாகக் குழம்புகிறது. அப்புறம் யாரோ "சாரி சாரி" என்கிறார்கள், எல்லோரும் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நானும் நிமிர்ந்திருந்தேன். வரிசையாக எட்டு டேக் பார்த்திருந்ததால் மணி அடிக்கும் தருணம் என் கழுத்துக்குள் போய்விட்டிருந்தது. இயக்குநரைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் ஒன்பது டேக்கையும் வரிசையாக ஓட்டினேன். அவரும் நிமிர்ந்தார்.

நான்காம் வடிவம் அங்கேதான் பிறந்தது. பார்ப்பவருக்கு அந்த மணியைப் பழக்கப்படுத்த வேண்டும். நர்ஸுக்கு எப்படி அது உடம்போடு ஒட்டிப்போனதோ அப்படி. பதினோராவது நிமிடத்தில் இருந்த விஷயத்தை அப்படியே தூக்கி முதல் மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவந்தோம்.

இறுதியாக நின்ற கணக்கு இது. முதல் 25 விநாடி: கீழ் அறை, நர்ஸ், மாடிப்படி, மேலே இருட்டு. முதல் மணி: நிமிர்கிறாள், படியேறுகிறாள், மூதாட்டியின் தலையணையைச் சரிசெய்கிறாள், இறங்குகிறாள். 48 விநாடி, எதையும் வெட்டாமல். இரண்டாம் மணி: 21 விநாடி. படியில் பாதி இல்லை, கட்டிலருகே போர்வையை இழுத்துவிடும் கை மட்டும். மூன்றாம் மணி: 9 விநாடி. உட்காரப் போனவள் உட்காராமலே திரும்புகிறாள், வெட்டு, கட்டில். இந்த முறை மூதாட்டிக்கு ஒன்றும் வேண்டாம். சும்மா பார்க்கிறார். நர்ஸ் மணியைக் கையில் எடுத்து நாக்கைத் திருகிக் கழற்றுகிறாள், 38 விநாடி. இறங்கி வந்து உட்கார 10 விநாடி. மௌனம் 14 விநாடி. நான்காம் மணி. அதிலிருந்து டைட்டில் வரை 11 விநாடி. கூட்டினால் 2 நிமிடம் 56 விநாடி.

ஏன் மூன்று முறை? இரண்டு முறை வைத்துப் பார்த்தோம், பழக்கம் ஆகவில்லை. நான்கு முறை வைத்தோம், நான்காவதில் ஒருவர் போனை எடுத்தார். இதில் வேறு தத்துவம் இல்லை.

ஆனால் நாங்கள் திட்டமிடாத ஒன்று அந்த மூன்றாவது மணியில் நடந்தது. முகப் பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூன்றாம் மணிக்கு நான்கு பேர் எரிச்சலில் உதட்டைச் சுழித்தார்கள். ஒருவர் கண்ணை உருட்டினார். "இந்தக் கிழவிக்கு வேற வேலை இல்லையா" என்ற முகம். நர்ஸ் நாக்கைக் கழற்றியதும் அதே நால்வர் முகத்திலும் ஒரு நிம்மதி. பேச முடியாத, நகர முடியாத ஒருவரின் ஒரே குரலைப் பிடுங்கும் காட்சி அது. நிதானமாக யோசித்தால் கொடூரம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கு மனசுக்குள் சம்மதம் கொடுத்துவிட்டார்கள். அதனால் மறுபடி மணி கேட்கும்போது மாட்டிக்கொள்வது நர்ஸ் மட்டும் இல்லை. படத்தில் நான் எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும்விட இந்தத் தற்செயல் நிம்மதிதான் பெரியது. ஒரு திகில் தொடக்கத்தால் இதைச் செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது: பார்ப்பவரையும் ஒரு சின்னக் குற்றத்தில் கூட்டுச் சேர்ப்பது.

அசைத்துப் பார்ப்பது

முதலில் எடுத்திருந்த ஷாட்டில் நாக்கைக் கழற்றுவது தூரத்திலிருந்து தெரிந்தது. மூன்று பேருக்கு அவள் என்ன செய்தாள் என்றே புரியவில்லை, மணியைத் துடைக்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். அது புரியாவிட்டால் அடுத்த மணி வெறும் மணி, மொத்தத் தொடக்கமும் சரிந்துவிடும். அரைநாள் ரீஷூட் கேட்டேன். விரல் திருகுவது க்ளோசப்பில், நாக்கு கோட்டுப் பைக்குள் போவது ஒரு ஷாட்டில், பிறகு முக்கியமான ஒன்று: கழற்றிய மணியை அவள் ஒருமுறை அசைத்துப் பார்க்கிறாள். சத்தம் இல்லை. வசனம் இல்லாமல் ஒரு விஷயத்தை நிரூபிக்க வேண்டுமென்றால் பாத்திரமே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த அசைவு ஒன்றரை விநாடிதான். அதற்குப் பிறகு ஒருவருக்கும் குழப்பம் வரவில்லை.

அதே ரீஷூட்டில் இன்னொரு ஷாட்டும் எடுத்தோம், கட்டிலோர மேசையில் அந்த மணி மட்டும் தனியாக இருப்பது. "ஒருவேளை வீட்டில் ரெண்டு மணி இருக்குமோ" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

மௌனத்தை வெட்டுவது

14 விநாடி மௌனம் எளிதில் கிடைத்த எண் இல்லை. 6 விநாடியில் வைத்தபோது நான்காம் மணி அதிர்ச்சியாக மட்டும் இருந்தது, நினைக்க நேரம் இல்லை. 25 விநாடியில் வைத்தபோது ஆட்கள் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த இருட்டில் பேயைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். தப்பான இடத்தைப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் தேடித்தான் 14 வந்தது.

மௌனம் என்றாலும் ஒலித்தடத்தில் வெறும் வெற்றிடத்தை விட முடியாது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஓசை உண்டு, அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்வதும் உண்டு, ரூம் டோன் என்பார்கள். எங்கள் கீழ் அறையில் ஃப்ரிட்ஜின் ரீங்காரம் இருந்தது. படத்தின் முதல் ஃப்ரேமிலிருந்தே அது ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மௌனத்தின் ஒன்பதாவது விநாடியில் ஃப்ரிட்ஜ் ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றுவிடும். நின்ற பிறகுதான் அது இதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்று காதுக்குத் தெரியும். மௌனத்துக்குக் கீழே இன்னொரு மௌனம். அதிலிருந்து ஐந்து விநாடி.

அப்புறம் மணி. இயக்குநர் அதைப் பெரிதாக, எதிரொலியோடு வைக்க விரும்பினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் மணிக்குப் பயன்படுத்திய அதே பதிவு, அதே அளவு, ஒரு இம்மிகூட மாற்றாமல் வைத்தேன். எதிரொலி சேர்த்தால் அது பேய்ப்படச் சத்தம். பார்ப்பவர் ஓ, இப்போது பயப்பட வேண்டும் போல என்று தயாராகிவிடுவார். அதே பழைய மணியாக இருந்தால் தப்பித்துக்கொள்ள வழி இல்லை. தொடக்கத்தில் இருந்த இசையையும் முழுக்க எடுத்துவிட்டோம்.

மணி கேட்டு எட்டாவது ஃப்ரேமில் நர்ஸின் கண் உயர்கிறது. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் எட்டு என்பது மூன்றில் ஒரு விநாடி. வேறொரு டேக்கில் அவர் இருபது ஃப்ரேம் எடுத்துக்கொண்டு, பயந்த முகத்தோடு நிமிர்கிறார். நடிப்பாக அது சிறந்த டேக். நாங்கள் எடுத்துக்கொண்டது எட்டு ஃப்ரேம் டேக்கைத்தான். எட்டில் நிமிர்வது பழக்கம், இருபதில் நிமிர்வது யோசனை. பழக்கம் முதலில் வந்து, பயம் அவளுக்குள் தாமதமாக வந்து சேர வேண்டும்.

நான் தோற்ற இடம்

நிமிர்ந்தவளின் கை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் போகிறது. அங்கேயே டைட்டில் போட்டுவிட வேண்டும் என்றேன். பைக்குள் நாக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் விடுவதுதான் அழகு என்பது என் கட்சி. இயக்குநர் கேட்கவில்லை. "இல்லண்ணா, அவ எடுத்துப் பாக்கணும். கையில இருக்கணும்."

இரண்டு நாள் சண்டை. கடைசியில் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினோம். என் வடிவத்தைப் பார்த்தவர்கள் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்: நாக்கு பையிலிருந்து விழுந்திருக்கும், வேறு யாராவது மாட்டியிருப்பார்கள். அவர் வடிவத்தில் உள்ளங்கையில் அந்தச் சின்ன உலோகத் துண்டு கிடக்கிறது. அறை அப்படியே உறைந்துவிட்டது. எல்லாக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது, காரணம் சொல்ல ஒருவருக்கும் வழி இல்லை.

இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ருஃபோவுடன் பேசியபோது சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு உதாரணம் எனக்கு மனப்பாடம். குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாவிட்டால் வெடிக்கும்போது பதினைந்து விநாடி அதிர்ச்சி, தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடத் தவிப்பு. மாணவர்களுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். சொந்தப் படத்தொகுப்பில் வந்தபோது மறைப்பதுதான் மர்மம் என்று நின்றுவிட்டேன். தகவலைக் கொடுத்தால் பயம் குறையும் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

விளைவும் மிச்சப் பிரச்சினைகளும்

புதிதாக ஏழு பேருக்குக் காட்டினோம். நான்காம் மணிக்கு யாரும் அலறவில்லை, துள்ளவும் இல்லை. இரண்டு பேர் தங்களை அறியாமல் திரைக்கு மேலே, அறையின் கூரைப்பக்கம் பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக "ஐயோ" என்றார். கதையைச் சொல்லச் சொன்னபோது ஏழு பேரும் மணியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இதற்கு நாங்கள் கொடுத்த விலையும் உண்டு. ஒருவருக்கு நர்ஸ் மீது கடைசிவரை இரக்கம் வரவில்லை. "அவளுக்கு வேணும்" என்றார். அதைச் சரிசெய்ய முயலவில்லை. தொடக்கம் இவ்வளவு இறுகியதும் அதற்குப் பின்னால் வரும் ஐந்து நிமிடம் தொளதொள என்று தெரிய ஆரம்பித்தது. பழைய முன்கதையை நம்பி எழுதப்பட்ட ஒரு ஃப்ளாஷ்பேக் நடுவில் அநாதையாக நின்றது, அதையும் தூக்கினோம். 24 நிமிடப் படம் 21 நிமிடம் ஆனது. இரண்டு இரவு மழையில் ஓடிய நடிகைக்கு இயக்குநரே போன் செய்து, ஒரு ஷாட்கூடப் படத்தில் இல்லை என்று சொன்னார். அந்த அழைப்புக்குப் போகும் முன் அரைமணி நேரம் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

கடைசிச் சிக்கல் போன் ஸ்பீக்கரில் வந்தது. குறும்படத்தைப் பெரும்பாலானோர் பார்க்கப்போவது போனில்தான். ஃப்ரிட்ஜின் ரீங்காரம் மிகத் தாழ்ந்த ஒலி, அவ்வளவு சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. ரீங்காரமே கேட்காதபோது அது நிற்பது எப்படிக் கேட்கும்? ஒன்பதாவது விநாடி காணாமல் போனது. இயக்குநர் சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக் வைக்கலாம் என்றார். நான் இந்த முறை விடவில்லை. ஒலிப்பதிவாளர் ரீங்காரத்தின் மேல்பகுதி அதிர்வெண்களை மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார். இப்போது போனில் அது ஒரு கொசு மாதிரிக் கேட்கிறது. ஒன்பதாவது விநாடியில் கொசு நிற்கிறது.

மூன்றாம் மணி 9 விநாடியிலிருந்து 7ஆகக் குறைய வேண்டும் என்று இயக்குநர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.